சீட்டில் வந்த பேச்சு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்துக் கதை. பள்ளிக்கூடம் என்றதும் பிரம்பும் வாய்ப்பாடும் வரப்போகிறது என்று பயந்துவிடாதீர்கள். சாயங்கால மணி அடித்த பிறகு நடந்ததுதான் கதை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், நடுவில் எழுந்து போகாதீர்கள். பாதியில் போனால் அந்தப் பையன் மேல் உங்களுக்குக் கோபம் மட்டும்தான் மிஞ்சும். அவன் கெட்ட பிள்ளை இல்லை.

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை எல்லாம் மூடச் சொல்லிச் சர்க்கார் உத்தரவு போட்ட வருஷம் அது. மோகனூருக்கும் ஜேடர்பாளையத்துக்கும் நடுவே, ராஜவாய்க்கால் பாயும் ஒரு ஊரில் புதிதாக ஹைஸ்கூல் வந்திருந்தது. ஊர்ப் பேர் நமக்கு வேண்டாம். அங்கே தலைமை ஆசிரியர் ஒரு சட்டம் வைத்திருந்தார். படிப்பு படிப்போடு போகட்டும், நாலு மணிக்கு மேல் ஒவ்வொரு பையனும் ஏதாவது ஒரு சங்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று. சாரணர் படைப் பையன்கள் முடிச்சுப் போடப் பழகுகிறேன் என்று எவர் வீட்டுக் கன்றுக்குட்டியையோ வேலமரத்தில் கட்டிவிட்டு, அவிழ்க்கத் தெரியாமல் கயிற்றை அறுத்தார்கள். தோட்டச் சங்கம் கத்தரிக்காய் போட்டது. நாடகக் குழுவில் பெண் வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல் ராமனும் லட்சுமணனும் மட்டுமே காட்டுக்குப் போனார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பேர் வாங்கியது விவாத சங்கம். சரித்திர வாத்தியார் கந்தவேல் ஆரம்பித்தது. சேலத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை அவர், காலேஜில் பார்த்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மண்டபத்தில் கூட்டம். முதல் நாளே ஒரு பித்தளைச் சொம்பில் இரண்டு சீட்டுப் போடுவார்கள். ஒன்றில் வேண்டும் என்றிருக்கும், மற்றதில் கூடாது என்றிருக்கும். கை விட்டு எடுத்தவனுக்கு எது வந்ததோ அதுதான் அவன் கட்சி. அதோடு விடாது. அடுத்த வெள்ளிக்கிழமை அதே விஷயத்தை அதே இரண்டு பையன்கள் கட்சி மாறிப் பேச வேண்டும். முதல் வாரம் வேண்டும் என்று கத்தியவன் மறுவாரம் கூடாது என்று கத்துவான். புத்தி இரண்டு பக்கமும் நடக்கப் பழக வேண்டும் என்பார் வாத்தியார். பேசி முடிந்ததும் பையன்கள் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போட்டு யார் ஜெயித்தது என்று முடிவு செய்வார்கள். ஜெயித்தவனுக்குக் கோப்பை கொடுக்கிற வழக்கமெல்லாம் அங்கே இல்லை. தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய் வைத்து, வந்திருக்கும் பெரியவர் கையால் கொடுக்கச் சொன்னார்கள். மரியாதையாக இருக்கும் என்று நினைத்தார்கள். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தச் சங்கத்தின் சிங்கம் கைலாசம். ஐந்தாம் பாரம் படித்தான், பதினேழு வயது. நாச்சிமுத்து என்ற விவசாயியின் ஒரே மகன். வெற்றிலைத் தட்டை அவன் வாங்காத வாரமே கிடையாது. வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்த ஒரு வித்தை அவனுக்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது. பேச்சை முடிக்கும்போது சொந்த வீட்டைச் சொல்லி முடி, கொட்டையெல்லாம் உன் பக்கம் விழும் என்பார். ராட்டையா மில்லா என்று பேசிய வாரம், நாளை முதல் என் வீட்டில் ராட்டை சுழலும், இந்தச் சபை சாட்சி என்று முடித்தான். மண்டபமே கை தட்டியது. அவன் வீட்டில் ராட்டையும் இல்லை, சுழலவும் இல்லை. ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. மறுவாரம் மில் துணிக்காகவும் அதே மாதிரி ஒரு சத்தியம் செய்தான்.

மாசி மாதத்தில் வந்த விஷயம், இளம் விதவைகளுக்கு மறுமணம் செய்யலாமா என்பது. தலைமை ஆசிரியர் கொஞ்சம் தயங்கினார். பட்டணத்துப் பத்திரிகைகளில் எல்லாம் எழுதுகிறார்களே, பையன்களும் பேசட்டும் என்றார் கந்தவேல் வாத்தியார். இரண்டு வாரமும் யார் மேலே நிற்கிறானோ அவனைச் சேலத்தில் நடக்கும் ஜில்லாப் போட்டிக்கு அனுப்புவது என்றும் தீர்மானமாயிற்று. எதிரில் பேசப்போகிறவன் கண்ணுசாமி, அவனும் லேசுப்பட்டவன் அல்ல. சொம்பில் கைலாசம் கை விட்டான். வேண்டும் என்று வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வந்திருந்த பெரியவர் சின்னண்ணன். பக்கத்து ஊர்க்காரர், பத்து ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து எழுந்தவர். மண்டபக் கூரைக்குப் பனைமரச் சட்டங்கள் கொடுத்தவர் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் அவர் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நம்மை எதற்கு இந்தப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருக்கிறார். அவருக்கு வேலுமணி என்று ஒரு மகன். அவன் பெண்டாட்டி பிரசவத்தில் செத்து எட்டு மாதமாகிறது, குழந்தை மட்டும் பிழைத்துக்கொண்டது.

கைலாசம் பேசினான் பாருங்கள். பதினாலு வயதில் வளையல் உடைத்த கைக்கு அதற்கப்புறம் வேலை மட்டும்தான் மிச்சமா என்று கேட்டான். அடுப்பு அவளுக்கு, பாத்திரம் அவளுக்கு, விசேஷத்து அன்றைக்கு மட்டும் அவள் மாட்டுத்தொழுவத்துக்கா என்று கேட்டான். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் பேச்சு ஏறுகிறது என்று நினைத்தான் அவன். கடைசியில் அந்த வித்தையையும் இறக்கினான். ஊருக்குச் சொல்லிவிட்டு நான் ஒதுங்க மாட்டேன், என் வீட்டிலிருந்தே தொடங்குவேன், இந்தச் சபை சாட்சி என்றான்.

கை தட்டல் வரவில்லை. மண்டபம் அப்படியே உறைந்துபோய்விட்டது. பிறகு கொட்டைகள் விழுந்தன, அவன்தான் ஜெயித்தான். சின்னண்ணன் எழுந்து தட்டை எடுத்து, கொடுப்பதற்கு முன் அவனையே ஒரு நிமிஷம் பார்த்தார். வாங்கிக்கறயா சாமி என்று கேட்டார். வாங்கிக்கறேனுங்க மாமா என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு அது என்ன என்று தெரியும். சபையில் எழுந்து வீட்டு விஷயத்தைச் சொல்லி, பெரியவர் கையால் வெற்றிலை வாங்கினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நிச்சயத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஏனென்றால், கண்ணுகளா, கைலாசத்தின் வீட்டில் அவன் அக்காள் பாவாயி இருந்தாள். பதின்மூன்று வயதில் கட்டிக்கொடுத்து, பதினாலில் புருஷனைப் பாம்பு கடித்து, வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தவள். இப்போது இருபத்தொன்று. அவன் தினமும் அவள் கையால்தான் சோறு தின்றான்.

மறுநாள் சனிக்கிழமை காலை, சின்னண்ணன் பெண்சாதி முத்தாயம்மாள் கூண்டு வண்டியில் வந்து இறங்கினாள். கையில் துணி மூடிய தட்டு. கைலாசத்தின் அம்மா கண்ணாத்தாள் அப்போதுதான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து திருச்செங்கோட்டுக்கு மாடு பார்க்கப் போயிருந்தார், பையன் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தான். வந்தவள் வாய் நிறையச் சம்பந்தி என்று கூப்பிடவும் கண்ணாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையனுக்குப் பெண் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"பையன் இன்னும் படிக்கறானுங்களே. பரிச்சை முடியட்டுமுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

முத்தாயம்மாள் சிரித்தாள். "பையனுக்கில்லீங்க. அவந்தான் பெரிய மனுசனாட்டம் சபையில வெத்தலை வாங்கிட்டானே. பாவாயிக்குங்க. எங்க வேலுமணிக்கு."

சொல்லிக்கொண்டே தட்டு மேலிருந்த துணியை எடுத்தாள். மஞ்சள், தேங்காய், அதன் கீழே அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை. கண்ணாத்தாள் அப்படியே, சாணித் தண்ணீர் காயாத வாசலில், ஈரம் என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டாள். தொழுவத்தில் பருத்திக்கொட்டைக் கூடையோடு நின்ற பாவாயி இதையெல்லாம் பார்த்தாள். கூடையை இறக்கவும் தோன்றவில்லை அவளுக்கு. மாடு எக்கி எக்கிக் கூடையிலிருந்தே தின்றது.

முத்தாயம்மாள் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, இவர்கள் வெட்கப்படுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, வந்த வண்டியிலேயே போய்விட்டாள். ஈரத் தலையோடு வந்த கைலாசம் சேலையைப் பார்த்து யாருக்கு என்று கேட்டான். நீ சபையில் குடுத்த வாக்குக்கு வந்திருக்குது என்றாள் அம்மா.

அந்தப் பையனுக்கு அப்போதுதான் விளங்கியது. தூணைப் பிடித்துக்கொண்டான். நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நேற்று பேசி முடிக்கிற வரைக்கும், ராத்திரி தூங்கி எழுந்த வரைக்கும், தன் வீட்டில் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைவே அவனுக்கு வரவில்லை. விதவை என்றால் அவனுக்கு விவாதத்தில் வருகிற விதவை. பாவாயி அக்காள், அவ்வளவுதான்.

நாச்சிமுத்து உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார். வழியில் மூன்று பேர் வண்டியை நிறுத்தி விசாரித்திருந்தார்கள். முதல் ஆள் கேலி பண்ணுகிறான் என்று நினைத்தாராம். மூன்றாவது ஆளுக்குப் பிறகு மாட்டை அடித்து ஓட்டிக்கொண்டு வந்தார். கைலாசம் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டி, சொம்பில் கை விட்டது, வேண்டும் என்று வந்தது, எல்லாவற்றையும் சொன்னான். அப்பா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தத் துண்டுக் காயிதமா என்ற குடும்பத்தைச் சந்தியில கொண்டாந்து நிறுத்துச்சு?"

அடிக்கவில்லை. அடித்திருந்தால் பையனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கையைப் பிடித்துச் சின்னண்ணன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே இன்னொரு முறை எல்லாம் சொல்லப்பட்டது. சின்னண்ணனுக்கு முதலில் கோபமே வரவில்லை. திகைப்புத்தான் வந்தது.

"அப்ப நீ பேசினது பொய்யா சாமி?"

"பொய்யில்லீங்க மாமா. சங்கத்துல அப்படித்தானுங்க. சீட்டுல எது வருதோ அதைப் பேசோணும். வர்ற வெள்ளிக்கிழமை மாத்திப் பேசுவேனுங்க."

"மாத்தியா?"

"ஆமாங்க. கூடாதுன்னு."

பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "முப்பது வருசமாச் சபையில ஒக்காந்திருக்கறேன். பொய் சொன்னவனைப் பாத்திருக்கறேன். பயந்துட்டுப் பேச்சு மாத்தினவனையும் பாத்திருக்கறேன். மனசுல இல்லாததைப் பேசறதுக்கு வாத்தியார் வெச்சு, மணியடிச்சு, சொல்லிக்குடுக்கறதை இப்பத்தான் பாக்கறேன்."

நாச்சிமுத்து அதிலேயே ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டார். வார்த்தை கொடுத்தது அந்தச் சபையில், அதே சபையில் அதே வாயால் கூடாது என்று சொல்லிவிட்டால் கொடுத்த வார்த்தை திரும்பிவிடும், யாருக்கும் குறைவில்லை என்றார். சின்னண்ணன் ரொம்ப நேரம் யோசித்தார். சரி, வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன், இரண்டாவது பேச்சையும் கேட்கிறேன் என்றார். வேலுமணி பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவரைக்கும் சேலை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், உள்ளே போன தட்டை நடுவாரத்தில் திருப்பினால் இரண்டு வீட்டுக்கும் கெடுதல் என்று முத்தாயம்மாள் சொல்லிவிட்டாள்.

ஊர் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. கந்தவேல் வாத்தியாருக்குச் செய்தி போனதும், மனுஷன் சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு வயல் நடுவே ஓடிவந்தார். என் தப்பு, வீட்டைச் சொல்லி முடி என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன், கூட்டத்தையே நிறுத்திவிடுகிறேன் என்றார். நிறுத்தக் கூடாது என்றார் நாச்சிமுத்து. பையன் பேசியே ஆக வேண்டும் என்றார். வாத்தியார் அந்த வீட்டு வாசலில் தலை குனிந்து நின்றதைப் பார்த்தவர்கள், அவருக்கு ஒரே நாளில் பத்து வயது கூடிவிட்டது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் களத்தில் பாவாயி கடலைச் செடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். கைலாசம் போய் எதிரில் உட்கார்ந்தான். அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் அவனும் ஒரு செடியை எடுத்துக்கொண்டான். அடுத்த வீட்டுப் பொடியன்கள் அவன் பேச்சை மனப்பாடமாகவே ஒப்பித்திருந்தார்கள் அவளிடம்.

"தம்பி, வளையல் ஒடச்ச கைக்கு வேலை மட்டுந்தான் மிச்சமான்னு கேட்டியாமா?" என்றாள்.

"ஆமாக்கா."

"பொஸ்தகத்துல இருந்துச்சா அது?"

"இல்லக்கா. நானா எழுதினது."

காய் பறிக்கிற கை நின்றது. "என்னைய நெனச்சா எழுதினே?"

அவனுக்கு ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு நாளாக அவள் எதை நம்பிக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோயிற்று. தம்பி நம்மை நினைத்து, நமக்காகச் சபையில் எழுந்து நின்றான் என்று நம்பியிருக்கிறாள்.

"இல்லக்கா. உன்ற நெனப்பே எனக்கு வரல."

அவள் செடி வேரிலிருந்த மண்ணைத் தட்டி உதறினாள்.

"அது செரி" என்றாள் பாவாயி. "தெனமும் பாக்கறதுதானே சாமி" என்று சொல்லிவிட்டு மறுபடி காய் பறிக்க ஆரம்பித்தாள். அவள் கை அந்த வருஷம் முழுக்க எப்படி இருந்ததோ அப்படியே வேகமாகத்தான் பறித்தது. அவனுக்குத்தான் ஒரு காய்கூடப் பறிக்க வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்து வாசற்படியை அதுவரை மிதித்தே இராதவர்கள் எல்லாம் வந்து மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பையன்களுக்கு இடமில்லை, ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் ஒரு கோடியில் நாச்சிமுத்து, இன்னொரு கோடியில் சின்னண்ணன். வேலுமணி கடைசியில், சுவரை ஒட்டி.

முதலில் கண்ணுசாமி வேண்டும் என்ற கட்சியைப் பேசினான். போன வாரம் கூடாது என்று பேசியவன். பயந்து பயந்து ஏதோ சொல்லி உட்கார்ந்தான். பிறகு கைலாசம் எழுந்தான்.

அவனுக்கு நாக்கு எழாது என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எழுந்தது. அதுதான் அவனையே திகைக்க வைத்தது. இத்தனை நாள் பழக்கம், வாய் தானாக ஓடியது. முன்னோர் வைத்த வழக்கம் என்றான், குடும்பத்தின் மானம் என்றான். பெரியவர்கள் தலையாட்டினார்கள். போன வாரம் உறைந்து உட்கார்ந்திருந்த அதே பெரியவர்கள். நாச்சிமுத்து வாரம் முழுக்கப் பிடித்திருந்த மூச்சை விட்டார். நல்ல பேச்சு கண்ணுகளா, இன்றைக்குச் சொன்னாலும் தலையாட்டப் பத்துப் பேர் இருப்பார்கள்.

முடிக்கிற இடம் வந்தது. சொந்த வீட்டைச் சொல்லி முடிக்க வேண்டும். "சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டுப் பெண்களையே கேட்டுப் பாருங்கள், அவர்களே வேண்டாம் என்பார்கள். என் வீட்டிலேயே நான் கேட்டு…" என்று வந்தவன் நின்றுவிட்டான்.

எல்லாரும் காத்திருந்தார்கள். மணி அடிக்க வேண்டிய பையன் அடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கைலாசம் மேடைத் தமிழை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னான்.

"நான் கேக்கவே இல்லீங்க. ரெண்டு வாரமா எங்கக்காளைப் பத்திப் பேசியிருக்கறேன். ரெண்டு பேச்சும் என்ற மனசுல இருந்து வந்தது இல்லீங்க. அக்காளை ஒரு வார்த்தை கேக்கல."

உட்கார்ந்துவிட்டான். ஜில்லாப் போட்டி அந்த நிமிஷமே கண்ணுசாமிக்குப் போய்விட்டது. அதை அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

தலைமை ஆசிரியர் எழுந்து கூட்டம் முடிந்தது என்று சொல்லப் போனார். அதற்குள் சின்னண்ணன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"செரி. கேட்டுப்புடலாம்" என்றார்.

எல்லாருக்கும் திக்கென்றது. பெண்ணைக் கேட்பதா? அதுவும் வெள்ளைச் சேலைப் பெண்ணை? நாச்சிமுத்து குறுக்கே போய் நின்றார். பொம்பளையைக் கொண்டாந்து சபையில நிறுத்துவீங்களா என்று கேட்டார். சபையில் நிறுத்தவில்லை, அவள் வீட்டு வாசலில் போய் நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் நடந்தார். நாலரை மணி வெயிலில், அவர் பின்னால் மண்டபமே நடந்தது. வாத்தியார்கள், பையன்கள், சாரணர் தொப்பி போட்டவர்கள், எல்லாரும்.

பாவாயி வாசலில் கடலைக்காயைக் காயப்போட்டுக் காலால் துழாவிவிட்டுக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி, முதலில் தம்பி முகத்தைத் தேடினாள். கண்ணாத்தாள் உள்ளேயிருந்து ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

சின்னண்ணன் கடலைக்காயை மிதிக்காமல் ஓரமாக நின்றார். "அம்மிணி, உன்னைய உட்டுட்டு நாங்கெல்லாம் பேசிப்போட்டோம். என்ற மகனுக்கு உன்னையக் கேக்கறேன். உனக்கு என்ன தோணுது, நீயே சொல்லு. எதைச் சொன்னாலும் இந்தக் கூட்டம் திரும்பிப் போயிரும்."

பாவாயி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். எல்லாரும் அவள் குனிந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தார்கள். அவள் நிமிர்ந்தாள்.

"அவரு எவருங்க?" என்று கேட்டாள்.

யாரோ வேலுமணியை முன்னே தள்ளிவிட்டார்கள். அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவாயி அவனை நேராகப் பார்த்தாள், கண்ணெடுக்காமல். கூட்டத்தில் இரண்டு பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

"கொழந்தைக்கு எத்தனை மாசமுங்க?"

"எட்டு."

"என்ன பேருங்க?"

வேலுமணி அப்பா பக்கம் திரும்பினான், அப்புறம் அம்மா பக்கம். "இன்னும் வெக்கலீங்க" என்றான்.

"எட்டு மாசமாவா?"

"அவ போனதுக்கப்புறம் யாருக்கும் தோணலீங்க."

"அப்பக் கூப்புடறப்ப எப்படிக் கூப்புடுவீங்க?"

"கூப்புடறதில்லீங்க. அழுதா எடுத்துக்குவோம்."

அந்த வாசலில் அதுவரைக்கும் எத்தனையோ திகைப்பு விழுந்திருந்தது. ஆனால் பாவாயி முகத்தில் உண்மையான திகைப்பு அப்போதுதான் வந்தது. சபையும் சீட்டும் சேலையும் எல்லாம் அவளுக்கு மறந்துபோன மாதிரி இருந்தது. கால் விரலில் ஒட்டியிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"ஐயா, நான் போறனுங்க" என்றாள்.

நாச்சிமுத்து ஏதோ சொல்ல வாய் திறந்தார், கண்ணாத்தாள் அவரைப் பார்த்த பார்வையில் வாய் மூடிவிட்டது. மகளுக்கும் அவருக்கும் நடுவில் கடலைக்காய் பரந்து கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு தொழுவத்துக்குள் போய்விட்டார்.

கல்யாணம் மேளம் இல்லாமல், பதினைந்து பேரோடு நடந்தது. ஊரில் பாதிப்பேர் பேச்சை நிறுத்தினார்கள். நாச்சிமுத்து வரவில்லை, மூன்று வருஷம் மகள் வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. வெற்றிலை மாற்ற ஆள் வேண்டுமே என்று எல்லாரும் முழித்தபோது கைலாசம் முன்னால் வந்து உட்கார்ந்தான். ஒரு வார்த்தை பேசவில்லையாம் அவன், பேச்சுக்குப் பேர்போன பையன். பாவாயி போன அன்றைக்கே குழந்தையை மடியில் வைத்துக் காதில் மூன்று தரம் பெரியநாயகி என்று சொன்னாள். நாலாவது தரம் கூப்பிட்டபோது அது திரும்பிப் பார்த்தது என்று சொல்வாள். எட்டு மாதக் குழந்தை எதற்கு வேண்டுமானாலும் திரும்பும். அவள் சொன்னால் நான் நம்புகிறேன்.

விவாத சங்கம் நிற்கவில்லை. சீட்டும் கட்சி மாறுவதும் அப்படியே இருந்தன. சொந்த வீட்டைச் சொல்லி முடிக்கக் கூடாது என்று மட்டும் கந்தவேல் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டார். வெற்றிலைத் தட்டுக்குப் பதில் பென்சில் கொடுத்தார்கள்.

எழுந்திருங்கள் கண்ணுகளா, நேரமாகிறது. உங்கள் வீட்டில் யாரைப் பற்றிப் பேச்சு நடந்தாலும் அவர்கள் அந்தப் பேச்சில் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டுக் குழந்தைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட எப்போதும் நாலு வாய் இருக்கட்டும். அடுப்பு அணையாமல், வாசல் வெறிச்சோடாமல், வந்தவரும் இருந்தவரும் ஒன்றாக உண்டு நீங்கள் எல்லாரும் நல்லா இருங்கள் சாமி.